போட்டானிக்ஸ் படிக்க ஆசைப்படும் பாம்பன் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

"பிசிக்ஸ் படிச்சா டீச்சர் வேலையை விட்டா வேற என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கண் மருத்துவமனையில் விழித்திரையைத் தொடாமலே அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி கருவி, ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலந்து கூடியும் குறைந்தும் போகும் குறுக்கீட்டு விளைவில்தான் வேலை செய்கிறது. ஒளியைக் கொண்டு இப்படிப்பட்ட கருவிகளை உருவாக்கும் போட்டானிக்ஸ் துறையைத்தான் உங்கள் மகள் கேட்கிறாள்.

பாதை நீளம்தான்: பி.எஸ்சி. 3 ஆண்டு, எம்.எஸ்சி. 2, பிஎச்.டி. சுமார் 5. ஆனால் வீடு தாங்க வேண்டியது முதல் ஐந்தை மட்டும். தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் பிஎச்.டி.யின் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. சில சமயம் இந்தப் பணம் மாதக்கணக்கில் தாமதமாகும், கையிருப்பு வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டம் தரும் மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரியில் சேர்ந்ததுமே விண்ணப்பிக்கட்டும்.

பிள்ளைகள் சறுக்கும் இடம் ஆய்வகம். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து அளவீட்டை எழுதிவிட்டு, ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியைச் சீரமைக்கவே தெரியாமல் டிகிரி வாங்குகிறார்கள். ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வில் இந்தப் பார்த்தெழுதும் பழக்கம் உதவாது: 60 கேள்விகளில் 20க்கு விடைகளே தரமாட்டார்கள், கணக்குப் போட்டு எண்ணை அடிக்க வேண்டும். அதோடு குசாட் எனும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் போட்டானிக்ஸுக்கென்றே ஐந்தாண்டு எம்.எஸ்சி. உண்டு, அதன் நுழைவுத் தேர்வையும் பிளஸ் டூ முடிக்கும்போதே எழுதட்டும்.

ஆர்வம் நிஜமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பழைய சிடியின் லேபிளை டேப் ஒட்டி உரித்து, 1 மில்லிவாட்டுக்குள் உள்ள 650 நானோமீட்டர் சிவப்பு லேசரை அதன் ஊடே நேராகப் பாய்ச்சச் சொல்லுங்கள். கண்ணுக்கு நேரே வேண்டாம். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில், நடுப்புள்ளியிலிருந்து சுமார் 44 செ.மீ.யில் அடுத்த புள்ளி விழும். ஒளியை இப்படிப் பிரித்துவிடும் சிடியின் தடங்களுக்கு இடைவெளி 1.6 மைக்ரான் என்பதை வைத்து இந்த 44ஐக் கணக்கிட்டு, அளவு ஒத்துவராவிட்டால் காரணத்தைத் தேடி உட்காருகிறாளா? அப்படியென்றால் தயங்காமல் அனுப்புங்கள்.

நம் கடலிலேயே இத்துறைக்குக் கேள்வி இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையைப் படமெடுக்கையில் விளக்கு கேமராவை ஒட்டியிருந்தால், நீரில் மிதக்கும் துகள் ஒளியைத் திருப்பியடித்துப் படம் வெளுத்துப்போகும். விளக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் கொஞ்சம் குறையும். மீதியைத் தீர்ப்பது ஆராய்ச்சிதான்.

வேலைக்கு பெங்களூரில் இஸ்ரோவின் ஒளியியல் ஆய்வகமான லியோஸ், டேராடூனில் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஐ.ஆர்.டி.இ. ஆய்வகம், இந்தூரில் அணுசக்தித் துறையின் லேசர் ஆய்வு மையமான ஆர்.ஆர்.கேட் உண்டு. எம்.எஸ்சி.யோடு நிறுத்த நேர்ந்தாலும், லென்ஸ் வடிவமைப்பு மென்பொருளும் பைத்தான் நிரல்மொழியும் கையில் இருந்தால் கேமரா, கண்ணாடி ஒளியிழை நிறுவனங்களில் முயலலாம். அதனால் எம்.எஸ்சி. முதலாண்டிலேயே இரண்டையும் தொடங்கட்டும்.