பதினெட்டாம் தேதியே தீர்ந்துபோகும் மாத்திரை

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். என் தம்பிக்கு 23 வயது. காலேஜ் படிக்கும்போது ஏடிஎச்டி (கவனம் ஒரு இடத்தில் நிற்காத கோளாறு) என்று சொல்லி, டாக்டர் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. நன்றாகத்தான் இருந்தான். இப்போது குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறான். நாலைந்து மாதமாக ராத்திரி தூக்கமில்லை, தட்டில் கை வைப்பதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். ஒரு மாதத்துக்கு வாங்கும் மாத்திரை பதினெட்டாம் தேதிக்கே தீர்ந்துபோகிறது. கேட்டால், ‘டாக்டர் குடுத்த மருந்துதானே அக்கா’ என்கிறான். இது அடிமைத்தனமா, படிப்பு டென்ஷனா? மாத்திரையைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா?

பதில்: பிடுங்க வேண்டாம். நீங்கள் கவனித்ததிலேயே முக்கியமானது அந்தப் பதினெட்டாம் தேதிதான். அங்கிருந்தே தொடங்கலாம்.

ஒரு நாளைக்கு இரண்டு என்றால் முப்பது நாளுக்கு 60. அது 18 நாளில் காலி என்றால் தினம் மூன்றுக்கு மேல் போகிறது. இது சராசரிக் கணக்கு. உண்மையில் மாதிரித் தேர்வுக்கு முந்தின ராத்திரி ஐந்தாறு, மற்ற நாளில் இரண்டு என்று ஏறி இறங்கும். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வதைவிட மாத்திரை அட்டையைப் பார்ப்பது மேல். எந்தத் தேதியில் எத்தனை குழி காலியாக இருந்தது என்று காலண்டரில் சின்னதாகக் குறித்துவையுங்கள்.

நம் பக்கத்தில் ‘மாத்திரை போடுறான்’ என்றால் எல்லோருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வலி மாத்திரைதான். அது வேறு வகை. அதைப் போட்டவன் சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பான், கண்மணி குண்டூசி முனை போலச் சுருங்கியிருக்கும். உங்கள் தம்பி எடுப்பது நேரெதிர், மூளையைத் தூண்டிவிடும் ஊக்க மருந்து. கண்மணி விரியும், வாய் வறண்டுபோகும், நெஞ்சு படபடக்கும், பேச்சு வேகமெடுக்கும். தாடையை இறுக்கிப் பல்லைக் கடிப்பார்கள், கன்னத்தின் உட்பக்கத்தை மெல்லுவார்கள். சில வீடுகளில் இதை யாரும் சந்தேகப்படாததற்குக் காரணமே அதுதான்: பையன் தள்ளாடவில்லை, விடியவிடியப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான்! அப்படிப்பட்ட பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்?

அப்புறம், மாத்திரை தீர்ந்த மறுநாள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சனிக்கிழமை காலையில் படுத்தவன் ஞாயிறு சாயங்காலம்தான் எழுந்திருப்பான். முந்தின வாரம் அம்மா வைத்த நெத்திலிக் குழம்பைத் தொடாதவன், எழுந்ததும் இரண்டு தட்டு அத்தோவை நின்ற இடத்திலேயே முடிப்பான். பிறகு இரண்டு மூன்று நாள் எதிலும் பிடிப்பிருக்காது, முகம் தொங்கிப்போயிருக்கும், கெட்ட கனவு வரும். ‘பாவம், படிச்சுப் படிச்சு டயர்டாயிட்டான்’ என்று வீட்டில் சொல்வார்கள். ஏற்றிவிட்ட மருந்து இறங்கும்போது வரும் சரிவு இது. மாதாமாதம் தீரும் தேதியை ஒட்டியே இது வருகிறதென்றால் படிப்பு டென்ஷன் என்று விட்டுவிட முடியாது.

இன்னும் சிலதைக் கவனியுங்கள். ‘அட்டை தொலைஞ்சுபோச்சு’ என்று அடிக்கடி சொல்வது, ஒரு டாக்டருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் சீட்டு வாங்குவது, நண்பனிடம் அட்டையாக வாங்குவது, தூக்கம் வர மதுவோ தூக்க மாத்திரையோ எடுப்பது. இந்த மருந்துக்கு டாக்டர் இரண்டு பிரதியாகச் சீட்டு எழுத வேண்டும். ஒன்றை மருந்துக்கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். பில் இல்லாமல் கைக்கு வருகிறதென்றால் அது நேர்வழியில் வரவில்லை. மாத்திரையை நுணுக்கிய பொடி கண்ணில் பட்டால் தள்ளிப்போடாதீர்கள். விழுங்கும்போது மெதுவாக ஏறும் மருந்து, மூக்கால் இழுத்தால் ஒரேயடியாக மூளைக்குப் போகும். அந்த வேகம்தான் மனிதனை அடிமையாக்குகிறது.

சரி, எது அடிமைத்தனம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அநியாயமாகத் திட்டு வாங்குகிறவர்களும் உண்டு. டாக்டர் சொன்ன அளவில் தினமும் எடுப்பது அடிமைத்தனம் அல்ல. ஒருநாள் விட்டுப்போனால் மந்தமாக இருப்பதும் அல்ல. ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு முறையாக மருந்து கொடுத்தால் பின்னாளில் போதைப் பழக்கம் வரும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. சொன்ன அளவைத் தாண்டுவது, நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, மறைப்பது. இவைதான் கணக்கு. உடல் இளைப்புக்கும் படபடப்புக்கும் தைராய்டு காரணமாக இருக்கலாம். தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பது வேறு மனநோயாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை. கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக் கிட்டை நம்பிக் காசை விடாதீர்கள். ஆம்ஃபெட்டமைன் பார்க்கும் சாதாரணப் பட்டை மெத்தில்ஃபெனிடேட்டைப் பெரும்பாலும் காட்டாது.

இன்னொரு தப்பெண்ணமும் உண்டு, கூடுதலாகப் போட்டால் கூடுதலாகப் படிக்கலாம் என்று. விழித்திருக்கலாம், அவ்வளவுதான். படித்தது மனதில் தங்கத் தூக்கம் வேண்டும். அதைத்தானே இந்த மாத்திரை பறிக்கிறது? ராத்திரி ஷிஃப்டுக்காக மோடஃபினில் என்ற, தூக்கத்தை விரட்டும் மாத்திரையைப் போடுகிறவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். அதில் அடிமையாகும் ஆபத்து இதைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அது கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைத்துவிடும். பலருக்கு இது தெரிவதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. எழுதிக்கொடுத்த டாக்டரிடமே முதலில் போங்கள், காலி அட்டைகளையும் எடுத்துக்கொண்டு. அளவைக் குறைப்பதா, மெதுவாக வேலை செய்யும் வகைக்கு மாற்றுவதா, ஊக்க மருந்தே அல்லாத அடமாக்செடினுக்குப் போவதா என்று அவர் பார்ப்பார். வாரத்துக்கு மட்டும் வாங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்வதும் ஒரு வழி, தம்பி சம்மதித்தால். இந்தப் பழக்கத்தை விடுவிக்கத் தனியாக ஒரு மாத்திரை கிடையாது. மனநல ஆலோசனைதான் பெரும்பங்கு. ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் இருக்கிறது. போன் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கென்று 14446. போலீஸுக்குப் போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே சொல்கிறது.

நெஞ்சுவலி, வலிப்பு, உடம்பு கொதிப்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம், காதில் குரல் கேட்பது, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108. சரிவு நாட்களில் ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். நீங்கள் பிடுங்கி வைத்தாலும் அந்தச் சரிவுதான் ஒரேயடியாக வரும். வேண்டாம் என்றேனே, அதனால்தான்.

பேச்சை எடுக்க நல்ல நேரம், அவன் தூங்கி எழுந்து சாப்பிட்டு முடித்த நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு அறைக் கதவைத் தட்டி அல்ல. ‘ஏன்டா இப்படி’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘இந்த மாசமும் மாத்திரை பத்தல இல்ல? டாக்டராண்ட நாமளே சொல்லிடலாம், நானும் வரேன்’ என்று சொல்லிப் பாருங்கள்.