தகுதி உண்டு, தகுந்தவரா?

அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் தகுதி குறித்து வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

கே: ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு கட்சிக்காரர் எதிர்க்கட்சி வேட்பாளரை ‘நாட்டை ஆளத் தகுதியற்றவர்’ என்கிறார். தகுதியே இல்லாதவர் எப்படி வேட்பாளர் ஆகிறார்?

ப: ‘தகுதி’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். சட்டம் கேட்கும் தகுதி வேறு, அந்த நாற்காலிக்குத் தகுந்தவரா என்பது வேறு. சட்டம் கேட்பது மூன்றுதான்: பிறப்பால் அமெரிக்கக் குடிமகன், 35 வயது, அந்த நாட்டில் 14 ஆண்டு வசிப்பு. 1951-ல் வந்த அரசியல் சாசனத்தின் 22-வது திருத்தம், இரண்டு முறை அதிபராகத் தேர்வானவர் மூன்றாம் முறை தேர்வாக முடியாது என்று ஒரு கதவை மூடியது. படிப்பையும் மருத்துவச் சான்றையும் சட்டம் கேட்கவில்லை. வழக்கு உண்டா என்றும் கேட்கவில்லை.

1920-ல் சோஷலிஸ்ட் கட்சியின் யூஜின் டெப்ஸ், அட்லாண்டா சிறையில் கைதியாக இருந்துகொண்டே போட்டியிட்டு 9 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். 2024 மே 30-ல் டொனால்ட் டிரம்ப்பை 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று நியூயார்க் ஜூரி தீர்மானித்தது. நவம்பரில் அவர் வென்றார். இரண்டிலும் சட்டத்துக்கு எந்த முரணும் இல்லை.

இரண்டாவது தகுதியான நிதானம், நேர்மை, உடம்பு, விவகார அறிவு ஆகியவற்றுக்குப் பரீட்சை வைக்கும் அலுவலகம் எதுவும் கிடையாது. அதைக் கட்சியும் வாக்காளரும்தான் பார்க்க வேண்டும். கட்சிக்காரர்கள் மோதிக்கொள்வது இந்த இரண்டாவது இடத்தில். ஆனால் பேசும்போது முதலாவதின் குரலை எடுத்துக்கொள்கிறார்கள், ஏதோ சட்டமே தடுத்துவிட்ட மாதிரி.

கே: கொலராடோ மாநிலம் டிரம்ப் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து நீக்கியதே, அது சட்டத் தடை இல்லையா?

ப: நீக்கச் சொன்னது மாநில உச்ச நீதிமன்றம், 2023 டிசம்பர் 19-ல், 4-க்கு 3 என்ற கணக்கில். ஆதாரம் 14-வது திருத்தத்தின் 3-வது பிரிவு: சாசனத்தைக் காப்பதாக உறுதிமொழி எடுத்த அதிகாரி கலகத்தில் ஈடுபட்டால் மறுபடி பதவி வகிக்கக் கூடாது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, கலகம் செய்த தெற்கத்திய தலைவர்களை நினைத்து எழுதியது அது. மாநில நீதிமன்றம் இங்கே கலகம் என்றது 2021 ஜனவரி 6-ல் நடந்த நாடாளுமன்றத் தாக்குதலை. நாட்டின் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 4-ல் அந்த உத்தரவை ஒருமனதாக ரத்து செய்தது. கூட்டாட்சிப் பதவிக்கான வேட்பாளரை இந்தப் பிரிவைச் சொல்லி ஒரு மாநிலம் விலக்க முடியாது என்பதே காரணம். அவர் கலகத்தில் ஈடுபட்டாரா இல்லையா என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. இரு தரப்பும் தங்களுக்கு வேண்டியதை அதில் வாசித்துக்கொண்டார்கள்.

கே: ‘25-வது திருத்தத்தைப் பயன்படுத்துங்கள்’ என்று அடிக்கடி கேட்கிறோம். வேட்பாளர் மீது அதைப் பயன்படுத்தலாமா?

ப: முடியாது. 1967-ல் நிறைவேறிய அந்தத் திருத்தம், அதிபரால் கடமையைச் செய்ய முடியாதபோது அதிகாரத்தைத் துணை அதிபரிடம் கொடுக்கும் வழி. அது பதவியில் இருக்கும் அதிபருக்கு மட்டும் பொருந்தும். அங்கும் அது எவ்வளவு கடினம் என்று கணக்குப் போட்டால் அந்த முழக்கம் அடங்கிவிடும்.

3-வது பிரிவு சுலபம்: அதிபரே கடிதம் எழுதித் தற்காலிகமாக அதிகாரத்தைத் துணை அதிபரிடம் கொடுப்பது. பெருங்குடல் பரிசோதனைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2002-லும் 2007-லும் இப்படிச் செய்தார். 2021 நவம்பரில் ஜோ பைடனும் செய்தார். கமலா ஹாரிஸ் கையில் அப்போது அதிகாரம் இருந்தது 85 நிமிடம்.

எல்லோரும் சொல்லும் 4-வது பிரிவு, அதிபர் சம்மதிக்காதபோது உள்ள வழி. முதலில் துணை அதிபரும், 15 துறைகளின் தலைவர்களில் பெரும்பான்மையினரும் (அதாவது 8 பேர்) ‘இவரால் கடமையைச் செய்ய முடியவில்லை’ என்று எழுதி பிரதிநிதிகள் சபை சபாநாயகருக்கும் செனட்டின் தற்காலிகத் தலைவருக்கும் அனுப்ப வேண்டும். அந்த நொடியில் துணை அதிபர் பொறுப்பு அதிபர் ஆகிறார். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அதிபர் பதில் கடிதம் எழுதினால், 4 நாட்களுக்குள் அதே கூட்டம் மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் அதிபர் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார். அந்த 4 நாள் ஆட்சி யாருடையது என்பதில் சாசன வரிகள் கொஞ்சம் மங்கல். துணை அதிபருடையது என்றே பெரும்பாலான சட்ட வல்லுநர்கள் படிக்கிறார்கள். பிறகு காங்கிரஸ் (அந்த நாட்டின் நாடாளுமன்றம்) 21 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும், இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கோடு. எல்லோரும் வந்திருந்தால் பிரதிநிதிகள் சபையில் 290, செனட்டில் 67 வாக்கு.

பதவி நீக்க விசாரணைக்குப் பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை போதும், செனட்டில்தான் மூன்றில் இரண்டு. ஆக 4-வது பிரிவு அதைவிட உயரமான வேலி. அதுவும் அதிபர் தானே பொறுக்கி எடுத்த அமைச்சர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். 2021 ஜனவரி 12-ல், டிரம்ப் மீது இதைப் பயன்படுத்துமாறு பிரதிநிதிகள் சபை தீர்மானம் போட்டு அப்போதைய துணை அதிபர் மைக் பென்ஸைக் கேட்டுக்கொண்டது, அவர் மறுத்தார். இன்றுவரை யார் மீதும் இந்தப் பிரிவு பாய்ந்ததில்லை. மூளைப் பக்கவாதத்தில் படுத்த அதிபருக்காக எழுதப்பட்டது அது. பிடிக்காத அதிபரை இறக்கும் ஏணியாக அது தாங்காது.

கே: டிரம்ப் முப்பதுக்கு முப்பது மதிப்பெண் எடுத்ததாகச் சொன்ன அந்த மூளைப் பரீட்சையில் என்ன கேட்பார்கள்?

ப: அதன் பெயர் மாண்ட்ரியால் அறிதிறன் மதிப்பீடு. ஏறத்தாழ 10 நிமிட வேலை. எண்ணையும் எழுத்தையும் மாறி மாறி இணைப்பது, கனசதுரத்தைப் பார்த்து வரைவது, கடிகாரம் வரைந்து சொன்ன நேரத்துக்கு முள் வைப்பது ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 5 மதிப்பெண். படத்திலுள்ள மிருகங்களின் பெயருக்கு 3. எண்களை நேராகவும் தலைகீழாகவும் திருப்பிச் சொல்வது, 100-லிருந்து ஏழேழாகக் கழிப்பது போன்ற கவனச் சோதனைக்கு 6. வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வதற்கு 2, ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் குறைந்தது 11 சொல்வதற்கு 1. இரண்டு பொருளுக்குள்ள ஒற்றுமைக்கு 2. தொடக்கத்தில் சொன்ன ஐந்து சொற்களைக் கடைசியில் நினைவிலிருந்து எடுப்பதற்கு 5. தேதி, கிழமை, இடம் ஆகியவற்றுக்கு 6. 26 அல்லது அதற்கு மேல் வந்தால் இயல்பு என்று கொள்வது வழக்கம்.

டிரம்ப் 2018 ஜனவரியில் 30 எடுத்ததாக வெள்ளை மாளிகை மருத்துவர் அறிவித்தார். ஆதரவாளர்கள் அதை மேதைமைக்குச் சான்றாக்கினார்கள், எதிர்ப்பாளர்கள் ‘யானை, சிங்கம் பரீட்சை’ என்று சிரித்தார்கள். இரண்டும் தவறு. மறதி நோயின் தொடக்கம் தெரிகிறதா என்று வடிகட்டிப் பார்க்கும் சல்லடை அது. குறைந்த மதிப்பெண் வந்தால் மேல்பரிசோதனைக்கு அனுப்புவார்கள். முழு மதிப்பெண் வந்தால் ‘இந்தச் சல்லடையில் எதுவும் நிற்கவில்லை’ என்று பொருள், அவ்வளவே. முன்கோபம், தவறான முடிவு, பொய், ஆள் பார்த்துப் பொறுக்கும் திறமை என எதையும் அது அளக்காது. வேட்பாளரின் சொந்த மருத்துவர் வெளியிடும் அறிக்கையில், வெளியிட விரும்பாதது இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல்நல ஆவணம் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2008-ல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் 1,173 பக்கம் காட்டினார், ஆனால் குறிப்பிட்ட சில நிருபர்களுக்கு மட்டும், மூன்று மணி நேரம் மட்டும்.

கே: மனநல மருத்துவர்களே தொலைக்காட்சியில் வந்து சொன்னால் நம்பலாம் அல்லவா?

ப: 1964-ல் ‘ஃபேக்ட்’ என்ற பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டு, குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் அதிபராக மனதளவில் தகுந்தவரா என்று கேட்டது. பதில் எழுதியவர்கள் 2,417 பேர். தகுந்தவரல்ல என்றவர்கள் 1,189, தகுந்தவர் என்றவர்கள் 657, சொல்லும் அளவுக்குத் தெரியாது என்றவர்கள் 571. அட்டையில் வந்தது 1,189 மட்டும். பதிலே எழுதாத ஏறத்தாழ பத்தாயிரம் பேர் எங்கே போனார்கள்? கோல்ட்வாட்டர் தேர்தலில் தோற்றார், வழக்கில் ஜெயித்தார். இழப்பீடு 1 டாலர், தண்டனைத் தொகை 75,000 டாலர். அந்த அவமானத்திலிருந்துதான் 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ‘கோல்ட்வாட்டர் விதி’யைக் கொண்டுவந்தது: நேரில் பரிசோதிக்காமலும் அவர் அனுமதி இல்லாமலும் பிரபலத்தைப் பற்றித் தொழில்முறைக் கருத்து சொல்லக் கூடாது. ஆபத்து தெரிந்தும் வாய்மூடி இருப்பதா என்று கேட்கும் மருத்துவர்கள் உண்டு, அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் மேடையில் பார்த்து நோய்க்குப் பெயர் வைப்பது எந்த மருத்துவத்திலும் சேர்த்தி இல்லை.

கே: தங்கள் ஆள் செய்தால் ஒன்றுமில்லை, எதிராளி செய்தால் தகுதி போச்சு. இது எந்தக் கட்சியின் வியாதி?

ப: மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். வியாதி பொது.

தனிவாழ்வில் ஒழுக்கம் தவறியவர் பொதுப் பதவியில் நெறியோடு நடக்க முடியும் என்று 2011-ல் ஒரு கருத்துக்கணிப்பில் சொன்ன வெள்ளை எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் (பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும், வேதத்தில் ஊன்றிய புராட்டஸ்டன்ட்டுகள்) 30 சதவீதம். 2016-ல், டிரம்ப் வேட்பாளரான பிறகு, அதே கேள்விக்கு 72 சதவீதம். ஐந்தாண்டில் வேதம் மாறவில்லை, வேட்பாளர் மாறினார். மறுபக்கம் 2024-ல் பைடனின் தடுமாற்றத்தைச் சுட்டியதெல்லாம் எதிரிகளின் வெட்டி ஒட்டிய வீடியோ என்று ஜனநாயகக் கட்சியினர் பலர் மாதக்கணக்கில் சாதித்தார்கள். ஜூன் 27 விவாதம் நேரலையில் வந்ததும் அந்த வாதம் ஒரே இரவில் உதிர்ந்தது. ஜூலை 21-ல் 81 வயது பைடன் விலகினார். மறுநாளே வயது பற்றிய கேள்வி இடம் மாறி 78 வயது டிரம்ப் பக்கம் போய் உட்கார்ந்தது. நேற்றுவரை அந்தக் கேள்வியை அநாகரிகம் என்றவர்கள் அதைக் கேட்டார்கள், நேற்றுவரை கேட்டவர்கள் அநாகரிகம் என்றார்கள்.

கே: வேட்பாளர் தகுந்தவரல்ல என்று கட்சிக்கே தோன்றினால் மாற்றிவிடலாமா?

ப: வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்கு முன் என்றால், அங்கு வாக்களிக்கும் கட்சிப் பிரதிநிதிகள் கையில், மாநாட்டுக்குப் பின் என்றால் கட்சியின் தேசியக் குழு கையில். ஆனால் விலக மறுப்பவரை இறக்கக் கைவசம் எளிய விதி இல்லை. பைடன் தானாக விலகியதால்தான் பிரதிநிதிகள் வேறு ஆளைத் தேட முடிந்தது. துணை அதிபர் ஹாரிஸ் வேட்பாளரானதற்குப் பணமும் ஒரு காரணம்: பிரசாரக் கணக்கு பைடன், ஹாரிஸ் இருவர் பெயரிலும் பதிவாகியிருந்ததால் ஹாரிஸ் அதைத் தொடர முடிந்தது. மூன்றாமவருக்கு அப்படியே கைமாற்றியிருக்க முடியாது. குடியரசுக் கட்சியினர் இதையும் எதிர்த்துப் புகார் கொடுத்தார்கள்.

உண்மையான எதிரி நாட்காட்டி. வெளிநாட்டிலுள்ள படைவீரர்களுக்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்பே வாக்குச்சீட்டு போக வேண்டும். செப்டம்பரில் அச்சு ஓடிவிடும். 2024 ஆகஸ்ட் 23-ல் சுயேச்சை ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் பிரசாரத்தை நிறுத்தியபோது மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் பெயர் சீட்டிலேயே தங்கியது. வட கரோலினாவில் பெயரை எடுக்கப் போய் தபால் வாக்குச்சீட்டு அனுப்புவது இரண்டு வாரம் தள்ளிப்போனது.

துணை அதிபர் வேட்பாளரை மாற்றிய கதை 1972-ல் நடந்தது. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் அவசரத்தில் தேர்ந்தெடுத்த செனட்டர் தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு மின் அதிர்ச்சி சிகிச்சை பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. ‘ஆயிரம் சதவீதம் அவர் பக்கம்’ என்றார் மெக்கவர்ன். வேட்பாளரான பதினெட்டாம் நாள் ஈகிள்டன் விலகினார். அதற்குப் பிறகும் 1987 வரை செனட்டராகவே இருந்தார் அவர். மெக்கவர்னுக்கு ஒரே ஒரு மாநிலமும் தலைநகரும்தான் கிடைத்தன.

கே: நோயை மறைத்து ஆண்ட அதிபர்கள் உண்டா?

ப: உண்டு. 1919 அக்டோபரில் பக்கவாதம் தாக்கிய வுட்ரோ வில்சனை மனைவி ஈடித்தும் மருத்துவரும் மூடி மறைத்தார்கள். பதவிக்காலம் முடிய இன்னும் 17 மாதம் இருந்தது. 1944-ல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்குக் கடும் ரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் இருப்பது மருத்துவருக்குத் தெரியும், வாக்காளருக்குத் தெரியாது. நான்காம் முறை பதவியேற்ற மூன்று மாதத்துக்குள் காலமானார்.

கே: என் மகன் அங்கே குடியுரிமை பெற்றுவிட்டான், முதல் ஓட்டு. வேட்பாளர் தகுந்தவரா என்று அவன் எதை வைத்துப் பார்க்க வேண்டும்?

ப: விவாதத்தை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள், துண்டு வீடியோ வேண்டாம். முதல் பதிலை எல்லோரும் மனப்பாடம் செய்து வருவார்கள். அதன் மேல் கேட்கும் துணைக் கேள்விக்கு என்ன சொல்கிறார் என்பதில் கண் இருக்கட்டும். எழுதி வைத்துப் படிக்காத பேட்டி எத்தனை கொடுத்தார் என்று எண்ணலாம். வேட்பாளர் ஆன 30 நாட்களுக்குள் சொத்து, கடன், வருமானம் காட்டும் 278இ படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அவகாசம் கேட்டு 90 நாள் வரை தள்ளிப்போடுவதுண்டு. அது பொது ஆவணம். தொகைகள் ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை’ என்றுதான் இருக்கும், ஆனாலும் யாரிடம் கடன்பட்டிருக்கிறார் என்பது தெரியும். வருமான வரிக் கணக்கை வெளியிடுவது வழக்கம் மட்டுமே, கட்டாயம் இல்லை.

கூட வேலை பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்கலாம், கொஞ்சம் கழித்துக்கொண்டு. விலகிப்போனவருக்குக் கோபம் இருக்கும், கூடவே இருப்பவருக்குச் சம்பளம் இருக்கும். ஆனால் 2024-ல் டிரம்ப்பை ஆதரிக்க மாட்டேன் என்று அவருடைய முன்னாள் துணை அதிபர் பென்ஸே சொன்னது போல, சொல்பவருக்கு லாபமில்லாத வார்த்தைக்கு எடை அதிகம். வயதானவர் நின்றால் துணை அதிபர் வேட்பாளரையும் இதே அளவுக்கு ஆராய வேண்டும்.

கடைசியாக ஒன்று. எதிர்க்கட்சி வேட்பாளரைப் பற்றிய குற்றச்சாட்டு எதையாவது அவன் பகிரப்போனால், பெயரை மட்டும் மாற்றி, தான் ஓட்டுப்போட நினைப்பவரின் பெயரை அந்த இடத்தில் எழுதி ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். அப்போதும் அதே கோபம் வந்தால் பகிரலாம்.