திருவருகைக் காலத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: டிசம்பர் பிறந்துவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பிள்ளைகளுக்குத் துணி எடுத்துத் தைக்கக் கொடுப்பது, முறுக்கு, அதிரசம், கேக், குடில் என்று ஓடிக்கொண்டே இருக்கிறேன். கடைசியில் 24ஆம் தேதி இரவுப் பூசையில் உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது. மனசுக்குள் ஒன்றுமே இல்லை. இந்த வருஷமாவது கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தை ஆன்மிகமாகக் கழிக்க ஆசை. என்ன ஜெபம் சொல்லலாம்? நோன்பு இருக்கலாமா? இன்னொன்றும் உறுத்துகிறது. சொத்துப் பிரித்ததில் மனத்தாங்கல் வந்து, என் கணவரின் அண்ணன் வீட்டோடு மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை.
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அன்புச் சகோதரி, ஏற்கெனவே இவ்வளவு வேலையைச் சுமக்கிற உங்களுக்கு ஜெபப் பட்டியல் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. லூக்கா 3ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நீங்கள் கேட்டதையேதான் மக்கள் திருமுழுக்கு யோவானிடம் கேட்கிறார்கள்: நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், உணவுள்ளவரும் அப்படியே செய்யட்டும் என்கிறார். வரிதண்டுவோரிடம், விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்கிறார். படைவீரரிடம், மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், சம்பளம் போதும் என்று இருங்கள் என்கிறார். ஆண்டவருக்கு வழியை ஆயத்தப்படுத்த வந்தவர் அந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலெல்லாம் துணி, சாப்பாடு, பணம் பற்றித்தான்.

அதனால் உங்கள் டிசம்பர் வேலைகளை ஆன்மிகத்துக்குத் தடையாக நினைக்காதீர்கள். துணிக்கடைக்கு எப்படியும் போகத்தானே போகிறீர்கள்? உங்கள் பிள்ளையின் வயதில் இன்னொரு பிள்ளைக்கும் ஒரு செட் எடுங்கள். பீரோவில் கழித்துப் போட்டது வேண்டாம், புதுசாகவே இருக்கட்டும். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாவிட்டால் உங்கள் பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் இருந்தால் கேளுங்கள், அவர்களுக்கு வீடுகள் தெரியும்.

அப்புறம், இந்தக் காலத்துக்கென்று ஓர் ஓட்டம் இருக்கிறது. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வருகிற ஞாயிறு அன்று தொடங்குகிறது. டிசம்பர் 16 வரை, ஆண்டவர் மீண்டும் வருவார், விழிப்பாயிருங்கள் என்பதில்தான் வழிபாட்டின் அழுத்தம். 17ஆம் தேதியிலிருந்து நற்செய்தி நேராகப் பிறப்பை நோக்கித் திரும்புகிறது. ஆகவே வெள்ளையடிப்பு, தையற்காரர், கடை எல்லாவற்றையும் 16ஆம் தேதிக்குள் முடிக்கப் பாருங்கள். மிச்சமிருக்கும் எட்டு நாளும் திருப்பலியில் வாசிக்கிற பகுதியை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் மத்தேயு முதல் அதிகாரமும் லூக்கா முதல் அதிகாரமும்தான். 18 அன்று யோசேப்பின் கனவு, 19 அன்று திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியா, 20 அன்று வானதூதர் மரியாவிடம் வருவது, 21 அன்று மரியா எலிசபெத்தைப் பார்க்கப் போவது. பத்து நிமிஷம்கூட ஆகாது. நீங்கள் கேட்ட ஜெபத்துக்கு இது போதும்.

17ஆம் தேதி வாசகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது இயேசுவின் தலைமுறை அட்டவணை. வெறும் பெயர் வரிசை என்று பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அதில், ஊர் பழித்துப் பேசக்கூடிய கதையுள்ள பெண்களான தாமார் இருக்கிறார், இராகாபு இருக்கிறார், உரியாவின் மனைவி இருக்கிறார். யாக்கோபின் மகன் யூதாவைச் சொல்லும்போது மத்தேயு அவரோடு நிறுத்தவில்லை, 'அவர் சகோதரர்களும்' என்று சேர்த்தே எழுதுகிறார். தம்பி யோசேப்பை இருபது வெள்ளிக்காசுக்கு விற்ற அண்ணன்மார்கள் அவர்கள்! பிற்பாடு எகிப்தில் அந்தத் தம்பிதான் அவர்களைக் கட்டிப்பிடித்து அழுகிறார். கூடப்பிறந்தவர்கள் சண்டை போட்ட குடும்பத்தில்தான் நம் ஆண்டவர் பிறக்கச் சம்மதித்தார். உங்கள் வீட்டுக்கும் வருவார், சகோதரி.

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த விஷயம்தான் உங்களுக்கு இந்த வருஷத்துத் திருவருகைக் காலம் என்று நினைக்கிறேன். பூசையில் மனசு வெறுமையாக இருப்பதற்கு அசதி ஒரு காரணம், இது இன்னொரு காரணமாக இருக்கலாம். முதலில் கணவரிடம் பேசுங்கள். அவருக்குத் தெரியாமல் போகாதீர்கள். பிரித்த கணக்கில் உங்கள் பக்கம் ஏதாவது அதிகமாக வந்திருக்கிறதா என்று இருவரும் நேர்மையாகப் பாருங்கள். வந்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் யோவான் கேட்கிற நோன்பு. உங்களுக்குத்தான் அநியாயம் நடந்திருக்கிறது என்றால், பேசப் போவதால் உங்கள் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. அதைப் பெரியவர்களை வைத்தோ சட்டப்படியோ தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பண்டிகை நாளுக்காகக் காத்திருக்காமல் டிசம்பர் முதல் வாரத்திலேயே போங்கள். "அக்கா, பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றால் போதும். சொத்துப் பேச்சை அன்று எடுக்காதீர்கள். கதவு திறக்காமல் போகலாம். உங்களால் இயன்றதுதான் உங்களிடம் கேட்கப்படும். திரும்பி வந்து அவர்களுக்காக ஜெபியுங்கள், மாதம் கழித்து மறுபடியும் போங்கள்.

நோன்பு கேட்டீர்களே, தவக்காலத்தைப் போல நம் லத்தீன் வழிபாட்டில் இப்போது இதற்குக் கட்டாய நோன்பு கிடையாது. கேரளத்தில் சீரோ மலபார் என்ற கீழைக் கத்தோலிக்க வழிபாட்டு முறையைச் சேர்ந்த குடும்பங்கள் டிசம்பர் 1 முதல் அசைவம் தவிர்த்து 25 நாள் நோன்பு இருக்கிறார்கள். உடம்பு இடம் கொடுத்தால் நீங்களும் ஒருநாள் விட்டு ஒருநாள் இருங்கள், மீன் வாங்காத அன்றைய காசைத் தனியாக எடுத்து வையுங்கள்.

குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கடைசி வாரம் வரை இருக்காதீர்கள், வரிசை நீளமாகிவிடும். பலகார வேலையை 23ஆம் தேதியோடு நிறுத்திவிட்டு 24 மதியம் இரண்டு மணி நேரம் கட்டாயம் படுத்துத் தூங்குங்கள். குடிலில் பாலனை வைக்கிற வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.