சோர்வுக்குப் போட்ட கேப்ஸ்யூல்

கேள்வி: எனக்கு வயது 42. தைராய்டு குறைவுக்கு ஆறு வருடமாகத் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறேன். எந்நேரமும் அசதியாக இருக்கிறதே என்று, கூட வேலை பார்ப்பவர் சொன்ன எனர்ஜி சப்ளிமென்ட் கேப்ஸ்யூலை மூன்று மாதமாக எடுக்கிறேன். காலையில் ஒன்று, மாலை நாலு மணிக்கு ஒன்று. மறந்துவிடக் கூடாதே என்று காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே விழுங்கிவிடுவேன். மூன்று வேளை காபியும் உண்டு. முதலில் சுறுசுறுப்பாக இருந்தது. இப்போது நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வருவதில்லை, சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறது. அசதியும் திரும்பிவிட்டது. மூலிகைதானே, பக்கவிளைவு வராது என்கிறார்கள். தொடரலாமா? அடுத்த வாரம் தைராய்டு டெஸ்ட் எடுக்க வேண்டும். லேபிளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கேப்ஸ்யூலை இன்றோடு நிறுத்திவிடுங்கள், சகோதரி. தைராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவோ கூட்டிக் குறைக்கவோ வேண்டாம்.

மஞ்சள் சிறுநீருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. உடம்புக்குத் தேவைப்பட்டது போக மிஞ்சும் பி2 வைட்டமின் அப்படித்தான் வெளியேறும்.

படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் என் முதல் சந்தேகம் கஃபீன். லேபிளில் கேப்ஸ்யூலுக்கு 150 மில்லிகிராம் கஃபீன் என்று ஒரு வரி. அதன் கீழே, அளவு எதுவும் போடாமல், 'குவாரனா விதைச் சாறு'. நீங்கள் நம்பிய மூலிகை அதுதான். அந்த விதையில் இருப்பதும் கஃபீன்தான்! கேப்ஸ்யூல்களில் 300, மூன்று கப் காபியில் இன்னொரு 250 முதல் 300, அதற்கு மேல் குவாரனா. ஆரோக்கியமானவர்களுக்கே நாளுக்கு 400 மில்லிகிராமுக்குள் என்பதுதான் பொதுவான வரம்பு, கர்ப்பிணிகளுக்கு 200. உள்ளே போன கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக்கு ஒன்றைப் போட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

எனக்கு அதிகக் கவலை தருவது லேபிளில் இருக்கும் வேறு இரண்டு பொருள்கள். ஒன்று இரும்புச்சத்து. தைராக்ஸினோடு சேர்த்து விழுங்கினால் குடலிலேயே அதைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அசதி திரும்பியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மற்றது பயோட்டின் என்ற பி வைட்டமின், 10,000 மைக்ரோகிராம். ஒரு நாள் தேவையே 30தான். இவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால், பல லேப்களின் பரிசோதனை முறையில் டி.எஸ்.எச். (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் கூடுவது, கூடினால் குறைவது) பொய்யாகக் குறைந்தும், டி4 (தைராய்டு ஹார்மோன்) பொய்யாகக் கூடியும் காட்டும். அதாவது, உடம்பில் ஹார்மோன் போதாமல் இருக்கும்போது ரிப்போர்ட் மிகுதி என்று சொல்லும். படபடப்பும் இருப்பதால் யாருக்கும் அது நம்பும்படியாகவே இருக்கும். அதை நம்பி மாத்திரையின் அளவைக் குறைத்தால் உங்கள் நிலைமை என்ன ஆகும்?

எனவே டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டின் நின்றிருக்க வேண்டும்; லேபிலும் சொல்லிவிடுங்கள். மாத்திரையைத் தனியாகச் சாப்பிடத் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் சரியான நிலவரம் தெரியும்.

கஃபீனைத் திடீரென்று குறைப்பதால் சில நாள் தலைவலி வரலாம், தானாகப் போய்விடும். ஆனால் நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் எது வந்தாலும் டெஸ்ட் தேதிவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அதெல்லாம் இல்லாவிட்டாலும் இந்தப் படபடப்புக்கு ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுவது நல்லது.

இதை நிறுத்திவிட்டு வேறு பிராண்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால், அஸ்வகந்தா கலந்ததை வாங்கிவிடாதீர்கள். அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. முதலில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பு), பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படுபவர்களுக்கும் பகலெல்லாம் இதே அசதிதான்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று நான் கேட்டால், சப்ளிமென்டை மருந்துக் கணக்கில் சேர்க்காமல் 'இல்லை' என்பவர்களே அதிகம்.