பேஸ் ஏறும்போது ஆம்ப் நின்றுபோகிறதா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு. ஹேட்ச்பேக் கார் வைத்திருக்கிறேன். டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) ஒன்றும், 500 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) மோனோ ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) ஒன்றும் இருக்கின்றன. இரண்டு வருஷம் நன்றாகப் பாடியது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து, வால்யூமைக் கூட்டினால் பேஸ் அடிக்கிற இடத்தில் வூஃபர் நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று விநாடியில் தானாகவே வந்துவிடும். மெதுவாக வைத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. ராத்திரியில் ஹெட்லைட், ஏசி இரண்டும் போட்டுக்கொண்டு புதுச்சேரி போகும்போதுதான் ரொம்ப மோசம். கடைக்காரர், 'ஆம்ப் போச்சு, மாத்திடுங்க' என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே முக்கால்வாசி பதில் இருக்கிறது. மெதுவாகப் பாடினால் நிற்கவில்லை; பேஸ் அடித்தால் நிற்கிறது; ஹெட்லைட்டும் ஏசியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் நிற்கிறது; உடனே திரும்பி வருகிறது. இவையெல்லாம் கரண்ட் போதாமல் தவிக்கிற ஆம்பின் அடையாளங்கள். இந்த நிலையில் புது ஆம்ப் வாங்கி அதே ஒயரில் மாட்டினால் அதுவும் இப்படியேதான் நிற்கும்.

ஆம்புக்குள் ஒரு பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறது. உள்ளே வருகிற வோல்டேஜ் விழுந்தாலும், ஸ்பீக்கர் பக்கம் ஷார்ட் ஆனாலும், சூடு ஏறினாலும் அது ஆம்பை நிறுத்திவிடும். இதில் எது காரணம் என்பது, எப்போது நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதிலேயே தெரிந்துவிடும். சூட்டால் நின்ற ஆம்ப் ஆறுவதற்குப் பல நிமிஷம் எடுக்கும். ஷார்ட்டால் நின்றது, அநேகமாக அணைத்துப் போட்டால்தான் வரும். இரண்டு விநாடியில் எழுந்துவிடுகிறது என்றால் என் சந்தேகம் வோல்டேஜ் மேல்தான். பெரும்பாலான ஆம்ப்கள் 10 வோல்ட்டை ஒட்டி வந்ததும் நின்றுவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் புரியும். 500 வாட்ஸ் கொடுக்கிற கிளாஸ்-டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்பின் திறன் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது உள்ளே இழுப்பது 625 வாட்ஸ். 13.8 வோல்ட்டில் அது சுமார் 45 ஆம்பியர். இந்த 45 ஆம்பியர் போகிற வழியில் எங்காவது ஒரு துருப்பிடித்த இணைப்பு 0.05 ஓம் தடை காட்டினால் போதும், அங்கேயே 2.25 வோல்ட் காணாமல் போய்விடும். மெதுவாகப் பாடும்போது 3 ஆம்பியர்தான் ஓடுகிறது என்றால் இழப்பு வெறும் 0.15 வோல்ட். அதனால்தான் குறைந்த வால்யூமில் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரிகிறது. சாதாரண மல்டிமீட்டரை ஓமில் வைத்து அந்த இணைப்பைத் தொட்டுப் பார்த்தாலும் 'நல்லாத்தான் இருக்கு' என்றுதான் காட்டும். கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

அளப்பது எப்படி? காரை வெட்டவெளியில் நிறுத்தி இன்ஜினை ஓட விடுங்கள். போனில் 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு, வழக்கமாக நிற்கிற அளவுக்குக் கொஞ்சம் கீழே வால்யூமை வையுங்கள். பாட்டு வேண்டாம், பேஸ் ஏறி இறங்கும்போது மீட்டர் நம்பர் நிலைக்காது. டோனையும் ஒரு தடவைக்கு ஐந்தாறு விநாடிக்கு மேல் ஓட்டாதீர்கள், வூஃபரின் காயிலில் (உள்ளேயுள்ள கம்பிச் சுருளில்) சூடேறிவிடும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து முதலில் பேட்டரி முனைகளில் பாருங்கள், பிறகு ஆம்பின் பிளஸ், எர்த் ஸ்க்ரூக்களில் பாருங்கள் (எர்த் என்பது ஆம்பின் மைனஸை ஒரு ஒயரால் காரின் தகட்டில் போல்ட் போட்டு இணைப்பது). பேட்டரியில் 13.6 இருந்து ஆம்பில் 10.8 இருந்தால் கோளாறு நடுவழியில். பேட்டரியிலேயே 12-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையோ ஆல்டர்னேட்டரையோ பார்க்க வேண்டும்.

நடுவழி என்றால் எந்தப் பக்கம்? ஒரு நீள ஒயரின் துணையோடு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், மறு முனையை ஆம்பின் எர்த் ஸ்க்ரூவிலும் வையுங்கள். டோன் ஓடும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 1 வோல்ட், 2 வோல்ட் என்று காட்டினால் ஆளைப் பிடித்துவிட்டோம். இதே சோதனையை பேட்டரி பிளஸுக்கும் ஆம்ப் பிளஸுக்கும் இடையில் செய்தால், நல்ல ஒயரில் அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

எர்த் மேல் நான் இவ்வளவு சந்தேகப்படக் காரணம் உங்கள் ஊர்தான். கடற்கரை ஓரத்துக் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். டிக்கி கார்பெட்டுக்குக் கீழே பெயின்ட் சுரண்டிப் போட்ட போல்ட்தான் அதற்கு முதல் இரை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும், அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளத்திலும் தண்ணீரில் நின்ற கார்கள் கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் ஏராளம். மேலே சீட் காய்ந்துவிடும், கார்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சு சீக்கிரம் காயாது. அந்த வட்டாரத்தில் பழைய கார் வாங்குகிறவர்கள் டிக்கி கார்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது.

எர்த்தைச் சரிசெய்ய, முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்று அகலமாக, பளபளவென்று தகடு தெரிகிற வரை உப்புத்தாளால் தேயுங்கள். லக் (போல்ட்டில் மாட்டுகிற உலோக வளையம்) மாட்டியிருக்கிற ஒயரின் மேலுறையைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்தோ, பச்சையாகக் களிம்பேறியோ இருந்தால், பளிச்சென்ற செம்பு வருகிற இடம் வரை வெட்டிவிட்டுப் புது லக் போட்டு நன்றாக கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் நசுக்கி இறுக்குங்கள்). நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கியபின் மேலே கிரீஸோ பெயின்ட்டோ பூசுங்கள். முன்கூட்டியே இடையில் பெயின்ட் பூசினால் கான்டாக்டே இருக்காது. எர்த் ஒயர் பிளஸ் ஒயரின் அதே தடிமனில், 45 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்கிற வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. அது உயிர்காக்கிற போல்ட், அதில் கை வைக்கக்கூடாது. புதிதாகத் துளை போடுவதென்றால் காரின் கீழே குனிந்து பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பிளஸ் பக்கம் வோல்டேஜ் விழுந்தால் ஒயரைச் சோதியுங்கள். உங்கள் ஆம்புக்கு 4 கேஜ் (ஒயர் தடிமனின் அளவு) அசல் செம்பு வேண்டும். மலிவான கிட்களில் வருவது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். ஓர் இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதன் கடத்தும் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. பேட்டரி அருகிலுள்ள ஃப்யூஸ் ஹோல்டரையும் திறந்து பாருங்கள், உருகியோ பழுப்பேறியோ இருந்தால் மாற்றிவிடுங்கள். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை. அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃப்யூஸ் போடுவது காருக்குத் தீ வைக்கிற வேலை.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆம்ப் நிற்கும்போது அதன் மேலுள்ள லைட் முழுதும் அணைந்து எரிந்தால் ரிமோட் ஒயரையும் (ஆம்பை ஆன் செய்ய ஸ்டீரியோவிலிருந்து வருகிற ஒயர்) பாருங்கள். ரேடியோவில் பாடி, புளூடூத்தில் பாடாமல் போனால் அந்த ஒயரை, ரேடியோ போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஆன்டெனா ஒயரில் கொடுத்திருப்பார்கள். லைட் எரிந்துகொண்டே சத்தம் மட்டும் போனால் ஆர்சிஏ கேபிள் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுவருவது), அல்லது வூஃபர் கோனுக்குப் போகிற பின்னல் ஒயர் அறுந்திருக்கலாம். வூஃபர் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றி, மீட்டரை ஓமில் வைத்துக்கொண்டு, கோனை உள்ளங்கையால் மெல்ல அமுக்குங்கள். நம்பர் துள்ளினால் அதுதான். வூஃபரில் இரண்டு காயில் இருந்து, ஒவ்வொன்றும் 2 ஓம் என்றால், இணையாகக் கொடுக்கும்போது 1 ஓம் ஆகிவிடும். உங்கள் ஆம்ப் 2 ஓம் வரைதான் தாங்கும் என்று மேலே அச்சடித்திருந்தால் அந்த இணைப்பு ஆகாது. பேஸ் பூஸ்ட்டை 12 டெசிபல் ஏற்றினால், அந்த அலைவரிசையில் ஆம்பிடம் கேட்கிற பவர் 16 மடங்கு. அதைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, ஆம்ப் முனையில் 13 வோல்ட்டுக்கு மேல் நிலையாக நிற்கும்போதும் கட் ஆகிறது என்றால், வூஃபர் ஒயரையும் ஆர்சிஏவையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் பாதுகாப்பு லைட் எரிந்தால் ஆம்புக்கு உள்ளேதான் பழுது. கடைக்குப் போகும்போது நீங்கள் அளந்த வோல்டேஜ்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எர்த்திலிருந்து மறுபடி தொடங்காமல், மெக்கானிக் நேராக ஆம்பைத் திறந்து பார்ப்பார்.