காணிக்கைப் பையும் மூடிய கையும்

அன்புள்ள அக்கா,

கணவருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. மகளின் படிப்புக் கட்டணத்தை எங்கள் சபையில் ஒரு மூத்த சகோதரர் கட்டினார். அதிலிருந்து ஒவ்வொரு ஜெபக்கூட்டத்திலும், பெயர் சொல்லாமல்தான், "கர்த்தர் என்னைக் கொண்டு ஒரு குடும்பத்தைத் தாங்கினார்" என்று சாட்சி சொல்கிறார். யாரைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். இப்போதெல்லாம் அவரைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. ஆராதனையில் காணிக்கைப் பை வரும்போது வெறும் கையை மூடி உள்ளே விட்டு எடுக்கிறேன். நான் நன்றி கெட்டவளா?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்த மூடிய கை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவர் கட்டணத்தை ஒருமுறைதான் கட்டினார். நீங்களோ வாரா வாரம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எரிச்சல் அதனால்தான் வருகிறது, உதவியை நீங்கள் மதிக்காததால் அல்ல.

வேதாகமத்தில் பிலிப்பியர் 4-ஆம் அதிகாரத்தை 10-ஆம் வசனத்திலிருந்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். அப்போஸ்தலன் பவுல் காவலில் இருக்கிறார், பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பியிருக்கிறார்கள், அதற்கு அவர் எழுதும் பதில் அது. மனதாரச் சந்தோஷப்படுகிறார், முன்பு தெசலோனிக்கேயில் இருந்தபோது அவர்கள் அனுப்பியதைக்கூட மறக்காமல் சொல்கிறார், ஆனால் எங்கேயும் கூனிக் குறுகவில்லை, திருப்பித் தருகிறேன் என்ற பேச்சே இல்லை. அவர்கள் கொடுத்ததை தேவனுக்கு உகந்த பலி என்கிறார். அப்புறம்தான் 19-ஆம் வசனம் வருகிறது: "என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்" என்று வாக்குத்தத்த அட்டைகளில் நாம் பார்த்துப் பழகிய அதே வசனம். கொடுத்தவர்களுக்கு, வாங்கிக்கொண்டவர் சொன்னது அது! கையில் ஒன்றுமில்லாத கைதி, உங்களுக்குச் செய்ய வேண்டியதை என் தேவன் செய்வார் என்று நிமிர்ந்து சொல்கிறார்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது சபையில் ஒரு வயதான அம்மா தலையணைக்கு அடியில் ஒரு உறை வைத்துவிட்டுப் போனார். தொகையை நோட்டில் எழுதி, பக்கத்தில் 'பாக்கி' என்று குறித்து வைத்தேன். இரண்டு வருடம் கழித்து அதே தொகையை எடுத்துக்கொண்டு போனால், அவர் முகம் வாடிவிட்டது. "நான் உனக்குக் கடனா கொடுத்தேன்?" என்று கேட்டார். அன்றிரவு அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களில் எருசலேம் பரிசுத்தவான்களுக்கான, அதாவது அங்கிருந்த ஏழை விசுவாசிகளுக்கான, தர்மப் பணத்தைப் பற்றிப் பவுல் எழுதுகிறார். நம் வேதாகமத்தில் 8:1-இல் 'கிருபை', 8:6-இல் 'தர்மகாரியம்', 9:15-இல் 'ஸ்தோத்திரம்' என்று இருக்கிற மூன்றும் மூல மொழியான கிரேக்கத்தில் 'காரிஸ்' என்ற ஒரே சொல்தான். எனக்கு இது பெரிய ஆறுதல். மேலிருந்து வந்தது, கை மாறியது, திரும்ப மேலே போகிறது, எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது, இதில் 'பாக்கி' எழுத இடமில்லை.

சரி, அந்தச் சகோதரர்? அவர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. செய்த நல்லதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளத் தெரியாதவர், அவ்வளவுதான். கணவரோடு அவர் வீட்டுக்குப் போங்கள். மனம் திறந்து ஒருமுறை நன்றி சொல்லுங்கள், அப்புறம் அதே மூச்சில், "ஐயா, கூட்டத்தில் சொல்லும்போது மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள், இனி வேண்டாமே" என்றும் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் அதை அவரும் ஆண்டவரும் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம் அந்தப் பை. இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12-இல் தெளிவாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு பை வரும்போது கையை உள்ளே விடாதீர்கள். வாங்கி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

அன்புடன்,
அக்கா