மாட்டுக்கொட்டகையை அறையாக்குவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். கொல்லையில் 10-க்கு 14 அடியில் ஒரு மாட்டுக்கொட்டகை. மூன்று பக்கம் 9 அங்குலச் செங்கல் சுவர், முன்பக்கம் திறப்பு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தாழ்ந்த பக்கம் உயரம் ஏழரை அடி. மாடுகளை விற்று நான்கு வருடமாகிறது. முட்டிவலியால் மாடி ஏற முடியாத என் மாமனாருக்கு இதைக் குளியலறையோடு ஓர் அறையாக்க நினைக்கிறோம். சுவரின் அடியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. "கொத்திவிட்டு, வாட்டர்ப்ரூஃப் பவுடர் கலந்து சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, ஜிப்சம் சீலிங் அடித்தால் மூன்று வாரத்தில் குடியேறலாம்" என்கிறார் கொத்தனார். சரிவருமா? செப்டிக் டேங்க் 50 அடி தள்ளி இருக்கிறது.

மன்னார்குடி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரிவராது. அவர் சொன்னபடி செய்தால் அடுத்த ஐப்பசியிலேயே டைல்ஸ் கழன்று வரத் தொடங்கும். அது சாதாரண ஓதத்துக்கே, அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்துக்கே, அரைகுறை வைத்தியம். மாடு கட்டிய இடத்தின் சிக்கல் வேறு.

பல வருடம் கோமியம் ஊறிய மண்ணில் நைட்ரேட் உப்புகள் சேர்ந்திருக்கும். வெடிமருந்துக்கான வெடியுப்பை ஒருகாலத்தில் இப்படிப்பட்ட தொழுவ மண்ணைக் கரைத்து வடித்துத்தான் எடுத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரிலிருந்து கப்பலேற்றியது அந்த உப்பைத்தான். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அது தரை ஈரத்தோடு செங்கலில் ஏறுகிறது. நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிப் படிகமாகிப் பூச்சை நெட்டித் தள்ளும். போதாததற்கு, மழைக்காலக் காற்றிலிருந்தும் இந்த உப்பு ஈரத்தை இழுக்கும். மேலே சிமெண்ட் பூசினால் ஆவி போக வழியில்லாமல் ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும்.

ஆகவே உப்பை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. கறை தெரியும் இடத்துக்கு மேலும் ஓரடி வரை பழைய பூச்சை உரித்து, செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி, உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். ஹோஸ் பிடித்துக் கழுவ வேண்டாம், உப்பு கரைந்து உள்ளே போய்விடும். பிறகு 1 பங்கு சுண்ணாம்புக்கு 4 பங்கு மணல் கலந்து அரை அங்குலத்துக்குப் பூசி, அப்படியே காய விடுங்கள். இந்தப் பூச்சு நிற்பதற்காக அல்ல, உறிஞ்சுவதற்காக. மூன்று நான்கு வாரத்தில் அதன் மேல் உப்புப் பூக்கும். சுரண்டி, கொல்லையில் கொட்டாமல் அப்புறப்படுத்துங்கள். இப்படி இரண்டு முறையாவது செய்தபின் 1:3 சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. பட்டியும் எமல்ஷனும் அந்தச் சுவரில் கூடாது. நகத்தால் கீறினால் பொடியாகும் செங்கற்களை மட்டும் 2 அடி 2 அடியாக விட்டுவிட்டு மாற்றுங்கள். ஒரே மூச்சில் எடுத்தால் சுவர் இறங்கும். வாட்டர்ப்ரூஃப் பவுடருக்கும் இடம் உண்டு: முன்பக்கம் புதிதாக எழுப்பும் சுவருக்கு அடியில் ஒன்றரை அங்குல 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் பட்டை போடும்போது அதில் கலக்கலாம்.

தரையிலும் இதே கதை. மூத்திர வாய்க்காலோடு பழைய தளத்தை உடைத்து, ஓரடி மண்ணை எடுத்து வயலில் பரவலாகத் தூவிவிடுங்கள். புதுக் கிராவல் நிரப்பித் திமிசு போட்டு இறுக்கி, 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட் விரித்து, ஓரங்களைச் சுவரில் மடக்கி, 4 அங்குலத்துக்கு 1:4:8 கான்கிரீட். உங்கள் 140 சதுர அடிக்கு நாலரை மூட்டை சிமெண்ட், 22 கன அடி எம்-சாண்ட், 44 கன அடி ஜல்லி பிடிக்கும். தளம் கொல்லை மட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரமாவது இருக்கட்டும்.

தளத்தை உயர்த்தினால் தலைக்கு மேல் இடம் போதாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது 9 அடி கேட்கிறது. எப்படியும் சுவரை ஏற்றிக் கூரையை மாற்றியே ஆக வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் போவது நல்லதுதான். ஆனால் உடைக்காதீர்கள், அதன் தூள் நுரையீரலில் தங்கும். தண்ணீர் தெளித்து, பி100 அல்லது எஃப்எஃப்பி3 வகை முகக்கவசத்தோடு போல்ட்டுகளை அறுத்து, முழு ஷீட்டாக இறக்கிப் பாலித்தீனில் சுற்றுங்கள். பாதை நிரப்ப நொறுக்கிப் போடும் வழக்கம் வேண்டவே வேண்டாம்.

மாமனார் பகல் முழுக்க உள்ளே படுத்திருப்பார் என்பதால் 50 மி.மீ. பஃப் பேனல்தான் (இரண்டு தகடுகளுக்கு நடுவே வெப்பம் தடுக்கும் நுரை வைத்த பலகை) என் தேர்வு. வெறும் தகரத்துக்குக் கீழே ஜிப்சம் அடித்தால் இடையில் சூடு தேங்கிச் சாயங்காலம் வரை கீழே இறங்கும், ஈரத்தில் ஜிப்சம் தொய்யும், எலியும் குடியேறும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி உங்கள் வட்டாரத்தில் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். சுவரின் தலையில் 6 அங்குலக் கான்கிரீட் பெல்ட் ஓட்டி, 12 மி.மீ. போல்ட்டுகளை அடியில் வளைத்து அதற்குள் புதைத்து, கூரைச் சட்டத்தை அவற்றில் முடுக்குங்கள். சுவர்மேல் வெறும் கலவையில் உட்கார்த்திய சட்டம் நிற்காது.

எதிரெதிர்ச் சுவர்களில் 4-க்கு 3 அடி ஜன்னல் இரண்டு. தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு கிடைத்துவிடும்.

குளியலறைக்கு 4-க்கு 6 அடி ஒதுக்கலாம். கதவு 3 அடி அகலம், வெளியே திறக்க வேண்டும்; உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடக்கக் கூடாது. கைப்பிடிக் கம்பியைச் செங்கல் சுவரில் பதியுங்கள். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி வாட்டம் என்றால், 50 அடிக்கு 15 அங்குலம் இறங்க வேண்டும். தளமட்டம் குறிக்கும் முன்பே செப்டிக் டேங்க் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்துப் பார்த்துவிடுங்கள். தளம் முடிந்தபின் வாட்டம் போதவில்லை என்று தெரிந்தால் கழிப்பறைக்குப் படி வைக்க வேண்டிவரும். முட்டிவலிக்காரருக்கு அது வீண்.

வீட்டிலிருந்து 4 சதுர மி.மீ. கேபிளைக் குழாய்க்குள் இரண்டரை அடி ஆழத்தில் கொண்டுவாருங்கள். அறைக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) வைத்து, இரும்புச் சட்டத்தையும் எர்த்தோடு இணையுங்கள். வசிப்பிடமாக மாற்றுவதை ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது.

மாசியில் கூரையைக் கழற்றித் தரையைத் தோண்டினால் பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு உறிஞ்சுபூச்சும் காய்ந்துவிடும். வைகாசியில் கூரை, ஆனியில் சுண்ணாம்புப் பூச்சு. டைல்ஸ் தரைக்கு மட்டும், அதையும் கடைசியில் ஒட்டுங்கள்.